ஸ்மார்ட் போர்டு வந்த பிறகும் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏன் வரவில்லை?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதான். அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறீர்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்கள், தலைமையாசிரியர் தினமும் பயன்படுத்தச் சொல்கிறார். வீடியோ போட்டால் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். மறுநாள் அதே மாதிரிக் கணக்கை எழுதிப் போட்டால் முழிக்கிறார்கள். தொழில்நுட்பத்தால் கணக்குக்கு நிஜமாகவே பயன் உண்டா, உண்டென்றால் எதை எப்படிப் பயன்படுத்துவது, வீட்டில் போனை வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு, நிறையவே உண்டு. நான் இருபது வருடத்துக்கு மேலாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். அதில் ஏறக்குறைய பாதிக் காலம் கணினியோடு. முதல் இரண்டு வருடம் நீங்கள் செய்வதையே நானும் செய்தேன், நீங்கள் பார்ப்பதையே பார்த்தேன். அப்புறம் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினேன். திரையில் எதையும் நகர்த்துவதற்கு முன்னால், நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதியாக வேண்டும். சரியோ தப்போ, ஒரு வரி எழுதியாக வேண்டும். எழுதிய பிறகுதான் மவுஸைத் தொடுவேன். என் பதில் முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்.

வீடியோவை முதலில் பார்த்துவிடலாம். சிக்குக் கோலம் போடத் தெரிந்த அம்மாவின் பக்கத்தில் தினமும் நின்று பார்க்கும் பிள்ளைக்கு, கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே திரும்புகிறது என்று நன்றாகவே புரிந்தது போல இருக்கும். மாவைக் கையில் கொடுத்து ஐந்து புள்ளிக் கோலம் போடச் சொன்னால் மூன்றாவது திருப்பத்தில் நின்றுவிடும். வீடியோவில் கணக்குப் பார்ப்பதும் இப்படித்தான். போடுகிறவர் எங்கும் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. பார்க்கிற பிள்ளை எந்த இடத்திலும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முடிவெடுக்காத இடத்தில் கணக்கு மனதில் தங்குவதில்லை. வீடியோவை ஒதுக்கச் சொல்லவில்லை. காய்ச்சலில் நான்கு நாள் வராத பிள்ளைக்கும், தேர்வுக்கு முன் வீட்டில் திருப்பிப் பார்க்கிற பிள்ளைக்கும் அது பெரிய உதவி. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் நம் பாடத்திட்டத்தை ஒட்டியே வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரம் விலை உயர்ந்தது. அதில் வீடியோ போடுவதானால் கணக்கின் பாதியில் நிறுத்தி, அடுத்த வரி என்ன என்று எழுத வைத்துவிட்டுத்தான் ஓட்டுங்கள்.

சரி, வகுப்பில் எதைப் பயன்படுத்துவது? என்னிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஜியோஜீப்ராவைத்தான் சொல்வேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் போட்டு நகர்த்திப் பார்க்கும் மென்பொருள் அது. வகுப்பறைப் பயன்பாட்டுக்கு இலவசம். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும், போனிலும் வேலை செய்யும். நம் பாடப்புத்தகங்களில் பாட முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் கியூஆர் கோடோடு வருகிறதே, அதில் பலவும் ஜியோஜீப்ராவில் செய்தவைதான். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புச் செய்முறை வடிவியலை வைத்தே சொல்கிறேன். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வரையும் நடுக்கோடு 5.8 செ.மீ. முக்கோணம் வரைக. பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வாங்கித் தரும் வகை. அதனால் பிள்ளைகள் படிகளை மனப்பாடம் செய்கிறார்கள். அடிப்பக்கத்தின் இடது முனையில் கீழ்நோக்கி 60 பாகைக்கு ஒரு கோடு, அதற்கு 90 பாகையில் இன்னொரு கோடு, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டும் இடத்தை மையமாக வைத்து வட்டம், அப்புறம் நடுப்புள்ளியிலிருந்து 5.8 எடுத்து வில் வெட்டு. கை தானாகப் போடும். கீழே ஏன் 60 வைக்கிறாய் என்று கேட்டால், “அப்படித்தான் சார் போடணும்” என்று பதில் வரும்.

இப்போது திரையில் 8 செ.மீ. கோட்டை மட்டும் போடுங்கள். மேலே எங்கோ ஒரு புள்ளி வைத்து இரண்டு முனைகளோடும் சேருங்கள். அந்தப் புள்ளியில் இருக்கும் கோணம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தக் கோணம் 60 ஆக இருக்க வேண்டுமென்றால் புள்ளியை எங்கே வைக்கலாம்? ஒரே ஒரு இடமா, நிறைய இடமா? நிறைய என்றால் அவை எல்லாம் சேர்ந்து என்ன வடிவத்தில் இருக்கும்? நோட்டில் வரைந்துவிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் முதல்முறை பாதிப் பேர் நேர்க்கோடு வரைந்தார்கள், அடிப்பக்கத்துக்கு இணையாக. சிலர் ஒரே ஒரு புள்ளி வைத்தார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் வளைத்தார்கள்.

பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் புள்ளியை நகர்த்தச் சொல்லி, 60 காட்டும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். ஏழெட்டு அடையாளம் வருவதற்குள் வகுப்பே “வட்டம் சார், வட்டம்” என்று கத்தும். நேர்க்கோடு வரைந்த பிள்ளைகள்தான் அதிகம் கத்துவார்கள், ஏனென்றால் அவர்கள் எழுதியது பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னார்களே, ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று, அந்த வரி அந்த நிமிடத்தில்தான் அவர்களுக்குச் சொந்தமாகிறது.

அதோடு விடாதீர்கள். வட்டத்தை வரைந்துகொண்டு, அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து 5.8 ஆரத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். அடிப்பக்கத்துக்கு மேலே இரண்டு இடத்தில் வெட்டும். வில் ஏன் இரண்டு இடத்தில் வெட்டுகிறது என்பது இங்கே தெரிந்துவிடும். இப்போது கேளுங்கள்: தேர்வுத்தாளில் 5.8க்குப் பதிலாக 7.5 என்று அச்சாகியிருந்தால் முக்கோணம் வருமா? எழுத வைத்துவிட்டு ஆரத்தை மெல்லக் கூட்டுங்கள். 6.9ஐத் தாண்டும்போது இரண்டு வெட்டுப்புள்ளிகளும் ஒன்றாகிக் காணாமல் போகும். சேர்கிற அந்தக் கணத்தில் இருக்கும் முக்கோணம் சமபக்க முக்கோணம். அதன் குத்துயரம் 4√3, அதாவது 6.93. இந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வராது. ஆனால் இதைப் பார்த்த பிள்ளை அந்தப் படிகளை மறக்காது, மறந்தாலும் யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் காம்பஸும் ஸ்கேலும் வைத்துத் தாளில் அதே கணக்கைப் போட வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். தேர்வு தாளில்தான். அதைத் தாண்டியும், பென்சில் முனை வழுக்காமல் வட்டத்தைச் சுற்றி மூடுவது ஒரு கைவேலை. அதைத் திரை கற்றுத்தராது.

அப்புறம் இன்னொன்று. ஜியோஜீப்ராவில் வரைவது வேறு, அமைப்பது வேறு. பிள்ளைகளிடம் ஓர் இணைகரம் போடச் சொல்லுங்கள். நான்கு புள்ளிகளைக் கண்ணளவில் வைத்துச் சேர்த்துவிட்டு, முடிந்தது என்பார்கள். பார்க்க இணைகரம் மாதிரியேதான் இருக்கும். ஒரு மூலையைப் பிடித்து இழுங்கள், குலைந்துவிடும். எங்கே இழுத்தாலும் இணைகரமாகவே நிற்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். இணைகோட்டுக் கருவியை எடுக்க வேண்டும், எந்தப் பக்கத்துக்கு இணையாக எந்தப் புள்ளி வழியாக என்று சொல்ல வேண்டும். அதாவது இணைகரம் என்றால் என்ன என்ற வரையறையைக் கையால் செய்ய வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பையன் முக்கால் மணி நேரம் இதோடு போராடினான். வகுப்பில் சுமாராகப் படிக்கிறவன். கடைசியில் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமமாக வெட்டும் என்பதை வைத்துக்கொண்டு, ஒரு புள்ளியை நடுவில் போட்டு, அதைச் சுற்றி மற்ற இரண்டு புள்ளிகளையும் பிரதிபலித்து அமைத்தான். நான் சொல்லிக்கொடுக்காத வழி. முதல் மதிப்பெண் எடுக்கிறவர்கள் எல்லாரும் அவன் கணினியைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

திரை காட்டுவதை நிரூபணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடாது. இதை நாம்தான் கற்றுத்தர வேண்டும், அதையும் அதே கருவியால் செய்யலாம். ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் சேருங்கள். வட்டம் எத்தனை துண்டாகிறது? 2 புள்ளிக்கு 2, 3 புள்ளிக்கு 4, 4க்கு 8, 5க்கு 16. 6 புள்ளிக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னால் வகுப்பு முழுக்க 32 எழுதும். போட்டு எண்ணிப் பாருங்கள். ஒழுங்கான அறுகோணமாக வைத்தால் 30 வரும். யாரும் நம்ப மாட்டார்கள், திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். அப்போது ஒரு புள்ளியைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்துங்கள். நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டிருந்ததல்லவா, அங்கே ஒரு குட்டி முக்கோணம் திறக்கும். இப்போது 31. எவ்வளவு நகர்த்தினாலும் 32 வராது. நான்கு தடவை சரியாக வந்த ஒழுங்கு ஐந்தாவது தடவை உடைந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளிடம், நிரூபணம் எதற்கு என்று நான் தனியாக விளக்கியதில்லை. பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ஆய்லர் 1772இல் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எந்த எண்ணைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40ஐப் போட்டால் 1681, அது 41 பெருக்கல் 41.

திரை மறைக்கும் இடங்களும் உண்டு. எக்ஸ் வர்க்கம் கழித்தல் 1 என்பதை எக்ஸ் கழித்தல் 1 ஆல் வகுத்து, டெஸ்மாஸ் என்ற இணைய வரைபடக் கருவியில் வரையுங்கள். முழு நேர்க்கோடாகத் தெரியும். ஆனால் எக்ஸ் 1 ஆகும்போது அங்கே புள்ளியே கிடையாது, பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதே. ஒரு புள்ளி அளவு ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டி அனுப்பினால் எல்லை என்ற பாடம் பாதி புரிந்த மாதிரி.

இருபடிச் சார்பின் வரைபடத்துக்கு ஸ்லைடர் வைத்துக் காட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ் வர்க்கத்தின் கெழுவைக் கூட்டினால் பரவளையம் ஒடுங்கும், மாறிலியைக் கூட்டினால் மேலே போகும். நடுவில் இருக்கும் எக்ஸின் கெழுவை மாற்றினால்? பிள்ளைகள் பக்கவாட்டில் நகரும் என்று எழுதுவார்கள், நிறைய ஆசிரியர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முனைப்புள்ளிக்குத் தடம் வைத்துவிட்டு நகர்த்துங்கள். முனை போகும் பாதையே ஒரு தலைகீழ்ப் பரவளையமாக இருக்கும். ஏன் என்பதை அவர்களே வர்க்கப் பூர்த்தி செய்து கண்டுபிடிக்கட்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தலைமையாசிரியரிடம் பேசும்போது உங்களுக்குத் தேவைப்படும். வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார வைத்துக் கணக்கு விளையாட்டுகள் கொடுத்தார்கள். கணக்கு மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்ற இருவரோடு சேர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்த நால்வரில் ஒருவரான லீ லிண்டன் குஜராத்திலேயே இன்னொன்றும் செய்து பார்த்தார். கணினிப் பாடத்தைப் பள்ளி நேரத்துக்குள், வழக்கமான கற்பித்தலை எடுத்துவிட்டு வைத்தபோது பிள்ளைகள், அது இல்லாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். அதே பாடத்தைப் பள்ளி முடிந்த பிறகு கூடுதலாக வைத்தபோது அதிகம் கற்றார்கள். மென்பொருள் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துப் பார்த்தார்கள். கருவி போய்ச் சேர்ந்தது, கணக்கு மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது டெல்லி ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2019இல் வெளியிட்டார்கள். மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் நான்கரை மாதம் படித்த பிள்ளைகள் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள். அதைவிட என்னை உலுக்கியது அவர்கள் தொடக்கத்தில் அளந்த அளவு. ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி நான்கரை வகுப்பு. நாம் கரும்பலகையில் பல்லுறுப்புக்கோவையை எழுதும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மனதளவில் ஐந்தாம் வகுப்பு வகுத்தலில் நிற்கிறது. அந்த மென்பொருள் செய்தது, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கணக்கைக் கொடுத்தது. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியரால் தனியாகச் செய்ய முடியாத வேலை அது. இதில் கணினி நமக்குத் தோள் கொடுக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

எங்கள் பள்ளியில் இதற்கென்று விலை கொடுத்து எதுவும் வாங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மாலை, பின்னத்திலும் வகுத்தலிலும் நிற்கிற பிள்ளைகளை மட்டும் ஆய்வகத்தில் உட்கார வைப்பேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய பெட் (PhET) என்ற திட்டத்தின் இலவசச் செயல்பாடுகள் இருக்கின்றன. சில தமிழிலும் கிடைக்கின்றன. பின்னங்களுக்கு நல்ல செயல்பாடு ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் எது பெரியது என்று குழம்புவதை வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளாது. கணினி முன்னால் வெட்கப்படாமல் தப்புச் செய்யும். ஆனால் சின்ன வகுப்புகளுக்கு இதையே சொல்ல மாட்டேன். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குப் புளியங்கொட்டையும் மணிச்சட்டமும்தான். கையில் எடுத்து எண்ணாத எண்ணைத் திரையில் காட்டிப் பயனில்லை.

கோலத்தைப் பற்றிச் சொன்னேனே, அதற்குத் திரும்ப வருகிறேன். 1967இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபெர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் ஓர் ஆமை வந்தது. 'இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு' என்று சொன்னால் அது கோடு போட்டுக்கொண்டே போகும். இன்றைக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் அந்த ஆமை கூடவே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒழுங்கு ஐங்கோணம் வரையச் சொல்லுங்கள். உட்கோணம் 108 என்று படித்திருப்பதால் பிள்ளைகள் 108 திரும்பச் சொல்வார்கள். ஐந்து முறை ஓட்டினால் ஐங்கோணம் வராது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மூடாமல் நிற்கும். ஏன் என்று யோசிக்க வைத்தால், ஆமை திரும்புவது வெளிக்கோணம், 72, என்று கண்டுபிடிப்பார்கள். வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. ஆமை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்தால் மொத்தம் 360 திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தப்பாகப் போட்ட 108ஐயும் அழித்துவிடாதீர்கள். ஐந்துக்குப் பதில் பத்து முறை ஓட்டச் சொல்லுங்கள். அழகான பத்து முனை நட்சத்திரமாக மூடும். 108ஐப் பத்தால் பெருக்கினால் 1080, அது மூன்று முழுச் சுற்று. தப்பான விடைக்குள்ளும் இப்படி ஒரு கணக்கு இருப்பதைப் பார்த்த பிள்ளை அப்புறம் தப்புக்குப் பயப்படுவதில்லை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே நம் வாசல் கோலங்களைக் கணினி மொழிக் கோட்பாட்டின் இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். உலக அளவில் அந்தத் துறையில் இன்றும் பேசப்படும் வேலை. உங்கள் வகுப்பில் கோலம் போடத் தெரிந்த பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களை ஆமைக்கு வழி சொல்ல விடுங்கள். ஆய்வகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

கூட்டுவட்டிக்கு எக்செல், அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பாடப்புத்தகத்தில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று இருக்கும். பிள்ளைகள் வீட்டில் கேட்பது இரண்டு வட்டி, ஐந்து வட்டி. அதையே எடுங்கள். ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய்க்கு, 10,000 வாங்கி ஒன்றும் கட்டாமல் விட்டு, வட்டிக்கும் வட்டி போட்டால் எத்தனை மாதத்தில் 20,000 ஆகும்? மாதம் 500, அதனால் 20 மாதம் என்று எழுதுவார்கள். முதல் கட்டத்தில் 10,000, அடுத்த கட்டத்தில் மேலே இருப்பதின் 1.05 மடங்கு, பிடித்துக் கீழே இழுங்கள். 15ஆம் மாதத்திலேயே தாண்டிவிடும். 36ஆம் மாதம் வரை இழுத்தால் 57,900ஐத் தாண்டி நிற்கும். நான் இதைப் போட்ட அன்று பிள்ளைகள் சத்தமே போடவில்லை. மறுநாள் ஒரு பெண் பிள்ளை, அம்மா வாங்கியிருந்த கடனுக்கு அவளாகவே நோட்டில் ஒரு பட்டியல் போட்டு எடுத்துவந்து, சரியா என்று தனியாக வந்து கேட்டாள். எல்லா வரியும் சரியாக இருந்தது. இரண்டு வட்டிக்கும் போட்டுப் பாருங்கள், 10,000 இரட்டிக்க ஏறக்குறைய 35 மாதம்.

இப்போது போன். கேமராவைக் காட்டினால் கணக்கைப் படிப்படியாகப் போட்டுத்தரும் செயலிகள் சுமார் பத்து வருடமாக இருக்கின்றன. இப்போது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. தடை போட்டுப் பயனில்லை என்பது என் அனுபவம். விடை மட்டும் கேட்கும் வீட்டுப்பாடத்துக்கு இனி மதிப்பில்லை, அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் வீட்டுக்கு ஐந்து கணக்கு கொடுக்கிறேன், எப்படி வேண்டுமானாலும் போட்டு வரட்டும். காலையில் வகுப்பு தொடங்கியதும் அதில் ஒன்றை எடுத்து எண்களை மட்டும் மாற்றி, போன் இல்லாமல் நான்கு நிமிடத்தில் போடச் சொல்வேன். மதிப்பெண் அதற்குத்தான். ஒரு மாதத்தில் பிள்ளைகளே செயலியை விடைக்காகப் பார்ப்பதைக் குறைத்து, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். இன்னொன்றும் செய்கிறேன். இயந்திரம் எழுதிய தீர்வு ஒன்றை அச்செடுத்து, நடுவில் ஒரு வரியை மட்டும் தப்பாக மாற்றிக் கொடுத்து, தப்பு எங்கே என்று கேட்பேன். சில நேரம் நான் மாற்றவே வேண்டியிருக்காது. செயற்கை நுண்ணறிவு துளியும் தயங்காமல் தப்பாகப் போடும், தமிழில் கேட்டால் கலைச்சொற்களையும் குழப்பும். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிர்வு வேறு எதிலும் கிடைப்பதில்லை.

உங்கள் பள்ளியில் ஒரே திரைதான் என்றால் கவலைப்படாதீர்கள். மவுஸ் உங்கள் கையில் இருக்கக்கூடாது, அதுதான் முக்கியம். பின் வரிசைப் பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள், மற்றவர்கள் வாயால் வழி சொல்லட்டும். சொல்லும்போதுதான் 'அந்தக் கோடு' என்பது 'மையக்குத்துக்கோடு' ஆகிறது. கணினிகள் இருந்தாலும் ஒன்றுக்கு இருவராக உட்கார வையுங்கள், பேசிக்கொள்வார்கள். கோப்புகளை முந்தின நாளே பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். இணையத்தை நம்பிப் போய் ஒரு முழு பீரியடை நான் இழந்திருக்கிறேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருங்கள். ஊகத்தை நோட்டில் எழுதியிருந்தால் அந்த விவாதத்தைக் கரும்பலகையிலேயே தொடரலாம்.

முதல் பாடமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்கரம், எந்த ஒழுங்கும் இல்லாத, கோணல்மாணலான ஒன்று. நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் உள்ளே என்ன வரும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் சேருங்கள், இணைகரம் வரும். தற்செயல் என்பார்கள். மூலையை இழுக்கச் சொல்லுங்கள், நீட்டட்டும், உள்ளே குழித்து அமுக்கட்டும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும் அளவுக்குப் புரட்டட்டும். இணைகரம் அப்படியே நிற்கும். ஏன் என்று யாராவது கேட்கும் வரை காத்திருங்கள், கட்டாயம் கேட்பார்கள். அப்போது விளக்க ஆரம்பிக்காமல், நாற்கரத்தின் ஒரு மூலைவிட்டத்தை மட்டும் திரையில் வரைந்துவிட்டு மணி அடிக்கும் வரை பேசாமல் நில்லுங்கள்.